ஆட்ஸப் அண்ணாச்சியின் கூட்டல்

தென்காசியில் பிறந்தவர்களிலும் சரி, இனிப் பிறக்கப்போகிறவர்களிலும் சரி, ஆட்ஸப் அண்ணாச்சியைப் போல தப்பை அடித்துச் சொல்லக்கூடிய ஆள் கிடையாது.

ஐம்பதுகளில் எங்கள் தெருவில் குடியிருந்த வக்கீல் குமாஸ்தா அவர். அவருடைய வக்கீல் கோர்ட்டில் சாட்சியங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, கடைசியில் ‘ஆட்ஸ் அப் டு’ என்று முடிவைப் போடுவாராம். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் இன்னதுதான் ஆகிறது என்று அர்த்தம். எண்களுக்கு மட்டுமில்லை, நடந்த சங்கதிகளுக்கும் இப்படிக் கூட்டல் உண்டு என்று, எட்டாவதோடு நின்ற எனக்கு விளக்கியவர் அண்ணாச்சிதான். அர்த்தம் சரி. பிரயோகம் சரி. அவர் போடும் விடைதான் ஒருநாளும் சரியாக வராது.

“மேக்க மேகம். காத்து சிலுசிலுங்குது. ஆட்ஸ் அப் டு சாரல்! குத்தாலத்துல அருவி கொட்டுதுலே, கிளம்பு!” என்பார். நம்பி, எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு குடும்பத்தோடு போய் நின்றால், காய்ந்த பாறையில் குரங்குகள் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்க்கும்.

எதிர்வீட்டில் மனைவியைக் காணோம், புருஷன் ஓட்டலில் சாப்பிடுகிறான். “ஆட்ஸ் அப் டு சண்டை!” சமாதானம் பேச அவள் பிறந்தவீட்டுக்கு, புளியங்குடிக்கே போய்விட்டார். அங்கே வளைகாப்பு. சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அப்படிப்பட்டவர், என் மகன் காய்ச்சலில் கிடந்து, டாக்டரும் “சாமியைக் கும்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போன நேரத்தில் வந்து நின்றார். நான் வாசலிலேயே மறித்தேன்.

“அண்ணாச்சி, இன்னைக்கு ஒண்ணும் கூட்டாதீய.”

கேட்காமல் உள்ளே போனார். பிள்ளையைப் பார்த்தார். என் மனைவியிடம் திரும்பினார்.

“தங்கச்சி, எங் கூட்டல் என்னைக்காவது சரியா வந்திருக்கா?”

“இல்ல அண்ணாச்சி.”

“ஒரு தடவகூட?”

“ஒரு தடவகூட இல்ல.”

“அப்பஞ் சரி.” தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “கண்ணு சொருகுது. கஞ்சி எறங்கல. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. ஆட்ஸ் அப் டு... புள்ள தங்காது!”

வேறு யாராவது சொல்லியிருந்தால் விளக்குமாறு பறந்திருக்கும். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அத்தனை அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டாள்.

“அண்ணாச்சியே சொல்லிட்டாவள்லா, இனிப் பயமில்ல.”

மறுநாள் பையன் கஞ்சி கேட்டான். “எங் கணக்கக் கெடுத்துட்டியேலே!” என்று அண்ணாச்சி அவனை அதட்டினார். அதட்டிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

அவர் காலமாகி எத்தனையோ வருஷம் ஆகிறது. விசுவநாதர் சன்னதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது, மகன் பேரைச் சொன்ன கையோடு இன்னும் அவர் பேரையும் சொல்லிவிடுகிறேன்.