பீரோவுக்குப் பக்கத்தில் ஒருவன்

கைபேசித் திரையில் வீடு தெரியவில்லை. கறுப்புக் கட்டமும் 'இணைப்பு இல்லை' என்ற வரியும்தான் தெரிந்தன. பம்ப்செட் கம்பெனிக் கணக்காளர் ஆபீஸ் அறையில் உட்கார்ந்தபடி திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

வீட்டில் ஆள் இல்லை. மனைவி பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுடைய நகை அத்தனையும் பீரோவில் இருந்தது. பேங்க் லாக்கரில் வைத்துவிட்டுப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, கேமராதான் இருக்கிறதே, ஆபீசிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்று ஜம்பமடித்தவர் இவர். பாதி நகை மாமனார் போட்டது. குண்டுமணி குறைந்தாலும் அந்த வீட்டு வாசற்படி மிதிக்க முடியாது.

கோளாறு புதிதல்ல. படத்தைப் பதிவு செய்யும் பெட்டி ஒழுங்காகத்தான் இருந்தது. வெளியிலிருந்து அதைப் பிடிக்க வீட்டு இணைய இணைப்பின் முகவரி எண் வேண்டும். மோடம் அணைந்து எரியும்போதெல்லாம் இணையக் கம்பெனி அந்த எண்ணை மாற்றித் தொலைக்கும்.

சாவி வைத்திருந்த எதிர்வீட்டுப் பெரியவருக்குப் போன் போட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் புது எண்ணைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். அத்தோடு விட்டாரா? மோடத்தில் விளக்கு ஒரு மாதிரி மினுக்குகிறதே என்று அதை அணைத்து மறுபடி போட்டுவிட்டுத்தான் கிளம்பினார். வாசித்த எண் வீணாயிற்று.

அடுத்து, கம்ப்யூட்டர் படித்த மச்சானைப் பிடித்தார்.

"எண் எத்தனை தடவை மாறினாலும் ஒரு பேரு மாறாம இருக்கும், மாமா. சின்னதா ஒரு புரோகிராம் போட்டுட்டா, தான் இருக்கிற இடத்து எண்ணை அதுவே அப்பப்போ சொல்லிடும். ஆனா அதை..."

மச்சான் முடிப்பதற்குள் கணக்காளர் தன் எதிரிலிருந்த ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதைப் போட்டு முடித்திருந்தார். கைபேசியில் புதுப் பெயரை அடித்து, எல்லாப் பெட்டியோடும் ஒன்றுபோல வரும் கடவுச்சொல்லைக் கொடுத்தார். அதை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை.

படம் வந்தது. மங்கலாக, திக்கித் திக்கி வந்தது. ஒரு பீரோ. அதற்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன்.

நம் வீட்டு ஹால் இப்படியா இருக்கும் என்று ஒரு கணம் யோசித்தார். மனைவி மாதம் ஒருமுறை சாமான்களை இடம் மாற்றுகிறவள். பீரோ இப்போது எந்தச் சுவரோரம் நிற்கிறது என்று அவருக்கே தெரியாது.

கைபேசியில் கண் வைத்தபடி, மேசை போனில் மனைவியைக் கூப்பிட்டார்.

"வீட்ல ஒருத்தன் சட்டமா உக்காந்திருக்கான். பின்னந்தலை முழுக்க வழுக்கை. கையில எதையோ வச்சு உத்து உத்துப் பாக்குறான்."

நகையாகத்தான் இருக்கும் என்று அவள் அழ ஆரம்பித்தாள். போலீசுக்கும் எதிர்வீட்டுப் பெரியவருக்கும் சொன்னார். பெரியவர் வெளியே தாழ்ப்பாள் போட்டு, தெருவையே காவலுக்கு நிறுத்தினார். திருடனோ அசையவில்லை. ஒரு கையைக் காதோடு வைத்து, வெளியே சத்தம் வருகிறதா என்று கேட்பவன் போலிருந்தான். பாவி, எத்தனை நெஞ்சழுத்தம்!

போலீஸ் உள்ளே நுழைந்தது.

"தம்பி, ஹால்லதான் நிக்கிறோம். ஈ காக்கா இல்ல" என்றார் பெரியவர்.

"இன்னும் உக்காந்துதான் இருக்கான், நல்லாப் பாருங்க."

வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று போலீஸ்காரர் பெரியவரிடம் விசாரித்தது போனில் தெளிவாகக் கேட்டது. கணக்காளர் விடவில்லை. பீரோவைத் திறந்து பார்க்கச் சொன்னார். சாவி மனைவியிடம் இருந்தது. பெரியவர் வீட்டில் கடப்பாரை இருந்தது. பீரோக் கதவு பிளந்தது. நகை அப்படியே இருந்தது. எவ்வளவு என்று தெரு முழுக்க எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

திரையில் அந்த வழுக்கை மட்டும் போன பாடில்லை. கணக்காளர் பேயோ பிசாசோ என்றுகூட நினைத்துவிட்டார்.

அறைக் கதவைத் தட்டிக்கொண்டு வரவேற்பு மேசைப் பெண் வந்து நின்றாள்.

"சார், நேத்து நீங்க லீவுல இருந்தப்ப இங்க மாட்டின கேமராவுல முதலாளி பாத்துக்கிட்டு இருக்காராம், காலையிலேர்ந்து வேலையைத் தொடாம போனையே பாத்துக்கிட்டிருக்கிற அந்த வழுக்கைத் தலை யாருன்னு கேக்குறாரு."