கந்தப்பன் விட்ட மாங்காய்கள்

இளவழகன், வயது இருபத்தாறு, தற்சமயம் இருப்பது மஸ்கட்டில், ஒரு ஏசி கம்பெனியின் தங்கும் அறையில், இரண்டடுக்குக் கட்டிலின் மேல் தட்டில். இதில் வயது மட்டும்தான் கொஞ்சம் சந்தேகம். கவலைப்படுகிற வேகத்தை வைத்துப் பார்த்தால் அறுபதுக்குக் குறையாது.

அன்று காலை அவன் கவலைக்குக் காரணம் மாங்காய்.

பரமத்தி வேலூரில் அவன் அப்பா கந்தப்பனுக்கு முட்டி மாற்றும் ஆபரேஷன் முடிந்திருந்தது. நாமக்கல்லிலிருந்து வந்த பிசியோதெரபிஸ்ட் சுகன்யா, டிவியோடு ஒரு பலகையை இணைத்துக் கொடுத்திருந்தாள். டிவியில் மரத்திலிருந்து மாங்காய் விழும். பலகைமேல் நின்றுகொண்டு இடப்பக்கம் சாய்ந்தால் கூடை இடப்பக்கம் நகரும், வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம். விழுகிற மாங்காயைக் கூடையில் பிடிக்க வேண்டும். முட்டிக்கு அதுதான் பயிற்சி. ஆட்டம் முடிந்ததும் அப்பாவின் மார்க் மட்டும் தானாக இளவழகன் போனுக்கு வந்து விழும்.

"மாசக் கடைசில வந்து பார்ப்பேனுங்க. கால் தேறியிருந்தா கொடிக்கால்ல ஏணி ஏறலாம். இல்லீன்னா ஏணியை மறந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் சுகன்யா.

கொடிக்கால் என்பது கந்தப்பனின் வெற்றிலைத் தோட்டம்; ஏணி ஏறாமல் அங்கே வெற்றிலை பறிக்க முடியாது. கந்தப்பன் ஏறவில்லை என்றால் மகன்தான் ஏற வேண்டும். அதாவது, படாத பாடு பட்டு வாங்கிய வேலையைக் கேன்சல் அடித்துவிட்டு இளவழகன் ஊர் திரும்ப வேண்டும்.

மார்க் என்னவோ முதல் வாரத்திலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தது.

"ஏனுங்கப்பா, மார்க்கு ஏறவே மாட்டேங்குது?"

"தனியா நின்னு டிவிகிட்ட மாங்கா புடிச்சா எவனுக்கு ஏறும்? ரோட்டுல போறவனெல்லாம் சன்னல்ல எட்டிப் பாத்துப்போட்டுப் போறான். ஒருத்தன் நிறுத்திக் கேக்கறான், என்னுங்க கந்தப்பண்ணா, கரகாட்டமான்னு."

துணைக்கு ஆள் இல்லை, அதுதான் குறை என்று இளவழகனுக்குத் தோன்றியது. உடனே ஜேடர்பாளையத்துக்குப் போன் போட்டான். அங்கேதான் தங்கை ரஞ்சிதாவைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் மாமனார் மணியனுக்குக் கோழிப் பண்ணை. பண்ணையை மகனிடம் விட்டுவிட்டுச் சும்மாதான் இருந்தார்.

"மாமா, தெனமும் ஒரு நடை வந்து அப்பாகூட ஆடறீங்களா?"

"அட, சம்பந்திக்கு இதுகூடச் செய்யலீன்னா எப்படி சாமி? நாளைக்கே வாரேன்!"

மறுநாளே வந்தார். மறுநாளே மார்க் பாதியாகக் குறைந்தது. அதற்கடுத்த நாள் அதிலும் பாதி.

இளவழகன் அம்மா தெய்வநாயகியைக் கூப்பிட்டான். "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலியே கண்ணு. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஏறி ஆடறாங்க. சிரிப்பும் கும்மாளமுமா ஊடே ரெண்டுபடுது. காப்பி போட்டே எனக்குக் கை ஓஞ்சு போச்சு."

"மாங்கா புடிக்கறாரா?"

"அதென்னமோ, பக்கத்துல போயிப் போயி உட்டுடறாரு. ஆடி முடிச்சா பனியனைப் புழியலாம், அப்படி வேர்க்குது."

கீழ்த் தட்டில் படுத்திருந்த குருமூர்த்தி, ஆத்தூர்க்காரன், ஸ்பீக்கரில் வந்த பேச்சு முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"பக்கத்துல போய் விட்டுடறாரா? வேர்க்குதா? மூளையிலேர்ந்து காலுக்குத் தகவல் போவலடா. எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

"அப்புறம்?"

குருமூர்த்தி மேலே மின்விசிறியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான்.

இளவழகன் இட்லியைத் தள்ளி வைத்தான். சுகன்யாவுக்குப் போன் போட்டான். அவள் யாருக்கோ தோள்பட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. பின்னணியில் ஒருவர் "ஐயோ அம்மணி" என்று அலறிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தக் கூடையைக் கொஞ்சம் பெருசு பண்ண முடியுங்களா?"

"பண்ணிரலாம் தம்பி, இங்கிருந்தே மாத்தலாம்."

கூடை அண்டா அளவுக்குப் பெரிதானது. மார்க் இன்னும் சரிந்தது.

"அக்கா, அப்ப மாங்காயையாவது நெறைய உடுங்க. கொட்டற கொட்டுல ஒண்ணு ரெண்டாவது உழுவட்டும்."

"சேரி தம்பி. ஐயா, கையை எடுக்காதீங்க! உங்களை இல்லீங்க தம்பி."

மாங்காய் மழையாகக் கொட்டியது. கந்தப்பனின் மார்க் தரையைத் தொடுகிற மாதிரி வந்துவிட்டது. அண்டாவில் மாங்காயைப் பிடிக்க முடியாத மனிதன் ஏணியில் கால் வைத்தால் என்ன ஆவது? இளவழகன் கண்ணை மூடினால் அப்பா ஏணியோடு சேர்ந்து பின்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தார்.

மார்க்கை விடுவோம், அப்பாவின் மனசாவது உடையாமல் இருக்கட்டும் என்று கடைசியாக ஒரு யோசனை செய்தான். மறுபடியும் மணியனுக்குப் போன்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அப்பாவுக்குக் கொஞ்சம் உட்டுக்குடுத்து ஆடுங்க. ஒரு தடவையாவது ஜெயிச்சா தெம்பு வரும்."

அந்தப் பக்கத்திலிருந்து "இதுக்கு மேலயா?" என்பது போல ஏதோ முனகல். அப்புறம், "சேரி சாமி."

அடுத்த நாள் அப்பாவுக்கு முட்டை. அதற்கு மறுநாளும் முட்டை. நாமக்கல் ஜில்லாவில் முட்டைக்குப் பஞ்சமில்லைதான். அதற்காகத் தினமுமா?

"எங்க சித்தப்பாவும் கடைசில முட்டைதான்" என்றான் குருமூர்த்தி.

"உங்க சித்தப்பா எங்கடா மாங்கா புடிச்சாரு?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

மாசக் கடைசியும் வந்துவிட்டது. சுகன்யா அன்றைக்குத்தான் வருவதாக இருந்தாள். அவள் வாயால் கேட்கிற தைரியம் இளவழகனுக்கு இல்லை. போர்மேன் அறை வாசலில் போய் நின்றுகொண்டு வீட்டுக்கு வீடியோ கால் போட்டான். திரையில் பாதி மின்விசிறியும் பாதி அப்பாவின் மீசையும் தெரிந்தன.

"அப்பா, நான் போர்மேன்கிட்டச் சொல்லப் போறேன். கேன்சல் அடிச்சுட்டு ஊருக்கே வாரேன்."

"அட, எதுக்கு சாமி? கால் நல்லாத்தானே இருக்குது!"

"நல்லா இருந்தா முட்டை எப்படிங்கப்பா வரும்?"

மீசை துடித்தது. போன் ஆடியது. மின்விசிறி போய், சமையலறை டப்பாக்கள் வந்தன. கந்தப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"சம்பந்தி காதுல உழுந்துறப் போவுது. இத பாரு, நான் பொண்ணைக் குடுத்தவன். மாப்பிள்ளையோட அப்பாவை எம்பட ஊட்டுக்கு வரவெச்சுத் தோக்கடிக்கறதா? அப்புறம் ரஞ்சிதா அந்த ஊட்டுல எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நடமாடுவா? அவரு பாவம், ஒண்ணு ரெண்டுதான் புடிக்கறாரு. அதுக்கும் கீழ போகோணுமே, வேணும்னேதான் உட்டேன்."

"வேணும்னேவா உட்டீங்க?"

இதைக் கேட்டது இளவழகன் இல்லை. தண்ணீர் குடிக்க வந்த மணியன், சொம்பும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நான்தானுங்க வேணும்னே உட்டேன்!" என்றார் மணியன். "ஆபரேசன் பண்ணுன மனுசனை, அவரு ஊட்டுக் காப்பியையே குடிச்சுப்போட்டு ஜெயிக்கறதா? நீங்க கொறைய, நான் அதுக்கும் கீழ கொறைய... இதுல தம்பி வேற கூப்பிட்டு இன்னும் உட்டுக்குடுங்கங்கறாரு. ஒண்ணுமில்லாததுக்குக் கீழ எங்கீங்க போறது?"

"அட சம்பந்தி!"

"என்னுங்க சம்பந்தி!"

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். போன் அரிசி டப்பாமேல் சாய்ந்தது.

"அப்ப இத்தனை நாளா ரெண்டு பேரும் மாங்காயை வெரட்டி வெரட்டி உட்டுக்கிட்டிருந்தீங்களா?" என்று உள்ளே நுழைந்தாள் தெய்வநாயகி. "இந்தக் கூத்துக்கா நான் காப்பி காப்பியா ஊத்துனேன்?"

இளவழகனுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் அது ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் நிலைத்தது.

"அப்பா, அப்ப பயிற்சி? இத்தனை நாள் பயிற்சியும் வீணாப் போச்சா?"

கந்தப்பன் குனிந்து தன் முட்டியைப் பார்த்தார். மணியன் சொம்பைக் கீழே வைத்தார்.

"அதை ரோசிக்கலியே சாமி" என்றார் கந்தப்பன் மெதுவாக. "சேரி உடு. கொடிக்காலை யாருக்காவது குத்தகைக்கு உட்டர்றேன். நீ கேன்சல் கீன்சல்னு அடிச்சுப்போட்டு வந்துறாதே."

"குத்தகைக்கு உட்டுட்டு நீங்க என்ன பண்ணுவீங்கப்பா?"

இளவழகன் போர்மேன் அறைக் கதவில் கை வைத்தான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சுகன்யா உள்ளே வந்தாள், டிவியில் இருந்த மார்க்கைப் பார்த்தாள், முகத்தில் எதையும் காட்டவில்லை. தெய்வநாயகி போனை எடுத்து, மகனுக்குத் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சுகன்யா கந்தப்பனை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். கால் மாற்றி நிற்கச் சொன்னாள். முட்டியை மடக்கிப் பார்த்தாள். வாசற்படியில் ஏறி இறங்கச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பிரம்புக்குக் கை நீட்டுகிற பையன் மாதிரி அவர் சொன்னதையெல்லாம் செய்தார்.

"தெனமும் இப்படித்தான் ஆடுனீங்களாங்க ஐயா?"

"தப்புத்தானுங்க அம்மணி."

"கூடையைப் பெருசு பண்ணின பொறவும் ஒண்ணுகூடப் புடிக்கலீங்களா?"

"இல்லீங்க."

"மாங்காயை நெறைய உட்ட பொறவும்?"

"அதுலயுந்தானுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார் கந்தப்பன். மணியன் பக்கத்தில் வந்து, "பாதித் தப்பு என்னுதுங்க" என்றார்.

"அக்கா, ஏணி ஏற முடியாதுங்களா?" என்றான் மஸ்கட்டிலிருந்து இளவழகன். "நீங்களே சொல்லிருங்க, நான் இப்பவே கேன்சலுக்குச் சொல்லிர்றேன்."

சுகன்யா தெய்வநாயகியின் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள்.

"சும்மா நின்னாலே பாதி மாங்கா தானா கூடையில உழுவும் தம்பி, அண்டாவளவு கூடையை வெச்சுக்கிட்டு, மழையாட்டம் கொட்டறதுல ஒண்ணுகூடப் படாம தெனமும் சாஞ்சு சாஞ்சு ஒதுங்கியிருக்காருன்னா, அந்தக் கால் ஏணியென்ன, தென்னை மரமே ஏறும், அதனால அந்தப் பலகையை மொதல்ல கழட்டிக் குடுக்கச் சொல்லுங்க, நெசமாவே முட்டி வலிக்கறவங்க அங்க காத்துக்கிட்டிருக்காங்க."