சீல் வைத்த கம்ப்யூட்டர்

கணினித் துறைக்கு பெங்களூரு செய்ததைவிட ஆம்பூர் செய்த தொண்டு பெரியது. இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. 2007 மார்ச் மாதம் எங்கள் ஷூ கம்பெனியில் அமைக்கப்பட்ட ‘மென்பொருள் தேர்வு உயர்மட்டக் குழு’வுக்கு நான்தான் செயலாளர். மற்ற நாட்களில் நிர்வாக மேலாளர்.

விஷயம் இதுதான். எங்களிடம் ஷூ வாங்கும் ஜெர்மன் கம்பெனி, இனி ஃபேக்ஸ் கிடையாது, எங்கள் கம்ப்யூட்டரோடு உங்கள் கம்ப்யூட்டர் நேரடியாகப் பேசட்டும் என்று எழுதிவிட்டது. அதற்காக அவர்கள் திறந்து வைத்த வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். அந்த வாசலைத் தட்டி, உள்ளிருந்து ஒழுங்கான பதில் வருகிறதா என்று பார்க்க ஒரு மென்பொருள் வேண்டும். இருபத்து மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை மாலைக்குள் தட்டாவிட்டால் பன்னிரண்டாயிரம் ஜோடி ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும். போனால், ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கும் பிரிவில் நூறு பெண்களுக்கு ஏப்ரல் முதல் வேலை இல்லை.

எங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஃபீபி என்று பெயர். பிரிவு முழுவதும் அவள் ஒருத்திதான். அவளுடைய அம்மா ஜெபகனி அந்த நூறு பெண்களில் ஒருவர். ஆகவே ஃபீபிக்கு அவசரம் இருந்தது. அவசரப்படுகிறவர்கள் கையில் முடிவெடுக்கும் பொறுப்பைக் கொடுக்க முடியாது அல்லவா? அதனால்தான் குழு.

குழுவில் என்னைத் தவிர இருவர். முப்பது வருடமாகத் தோலைத் தடவியே தரம் பிரிக்கும் அமீர் பாஷா. சாம்பிள் ரூம் தலைவர் காசிநாதன். இருவருக்கும் கம்ப்யூட்டர் தெரியாது. பாரபட்சம் இருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

“ரெண்டு டூல் இருக்கு சார்,” என்றாள் ஃபீபி. “ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ். காசு கெடையாது. உள்ள எப்டி எழுதியிருக்காங்கன்னு நாமளே பாத்துக்கலாம். ஒண்ணு கறுப்பு ஸ்கிரீன்ல ஒரு வரி டைப் அடிக்கிறது. இன்னொண்ணுல பட்டன் எல்லாம் இருக்கும். எத வெச்சாலும் வேலை முடிஞ்சிடும்.”

“சும்மா குடுக்குறான்னா கழிச்சுப் போட்ட செகண்ட்ஸ் மாலா?” என்றார் காசிநாதன்.

“அப்டி இல்ல சார். எல்லாரும் யூஸ் பண்ணட்டும்னு குடுக்குறாங்க.”

“எந்த ஊர் மால்?” இது அமீர் பாஷா.

“ஊர்னு ஒண்ணும் இல்ல சார். உலகம் பூரா நெறைய பேர் சேந்து எழுதுறாங்க.”

அவர் வருத்தத்தோடு தலையாட்டினார். “அவ்ளோ பேர் கை பட்டா ஷேடு ஒண்ணா வராதும்மா. ஒரு எடத்துல ஜாஸ்தி, ஒரு எடத்துல கம்மி. சரி, மாலைக் காட்டு.”

இரண்டு டூல்களின் உள்ளே எழுதியிருப்பதிலிருந்தும் நாற்பது நாற்பது தாள்களில் அச்செடுத்துக் கொடுத்தாள். அமீர் பாஷா அவற்றை வடக்கு ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மூலையை மடித்துப் பார்த்தார். கட்டை விரலால் தேய்த்தார். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, பட்டன் உள்ளது ரெண்டாம் செலக்‌ஷன், கறுப்பு ஸ்கிரீன் மட்டமான அஞ்சாம் செலக்‌ஷன் என்று எழுதிக் கொடுத்தார். அஞ்சாம் செலக்‌ஷனில் ஒரு நீளக் கீறல் இருந்ததாம். அது நம் பிரிண்டர் போட்ட கோடு என்றாள் ஃபீபி. பிரிண்டர் குழுவின் உறுப்பினர் இல்லை என்பதால் அது மினிட்ஸில் ஏறவில்லை.

“அதுவுமில்லாம, இந்த சீசன் பையர் கேட்டது பிரவுன்,” என்றார் காசிநாதன். “கறுப்பு போனா ரிஜெக்ட் ஆய்டும்.”

கறுப்பு ஸ்கிரீன் ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. பட்டன் டூல் பதினாறாம் தேதி ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டது. இன்னும் ஏழு நாள் கையில் இருந்தது.

இங்கேதான் எங்கள் தொழிலின் பெருமை வெளிப்பட்டது. எந்த ஷூவுக்கும் முதலில் ஒரு சாம்பிள் செய்வோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டு, சீட்டுக் கட்டி, சீல் வைத்து, கண்ணாடி அலமாரியில் பூட்டுவோம். அதற்குப் பிறகு ஒரு நூலின் நிறம்கூட மாறக் கூடாது. மென்பொருளுக்கு மட்டும் விதிவிலக்கு எதற்கு? கம்ப்யூட்டரின் ஒயர்களைக் கழற்றினோம். மூவரும் கையெழுத்துப் போட்டோம். அரக்கு உருக்கி சீல் வைத்து, அலமாரியில் பூட்டினோம்.

ஃபீபி ஓடி வந்தாள். “சார், உள்ள வெச்சிப் பூட்டிட்டா நான் எப்டி டெஸ்ட் பண்றது?”

காசிநாதன் பொறுமையாக விளக்கினார். “சாம்பிள் ஷூவைப் போட்டுக்கினு யாராவது நடப்பாங்களாம்மா? வேற கம்ப்யூட்டர்ல இதே மாதிரி ஒண்ணு செஞ்சி எடுத்துனு வா. பக்கத்துல வெச்சி ஒப்பிட்டுப் பாத்து கையெழுத்துப் போடறோம்.”

அன்று மாலையே செய்து கொண்டுவந்தாள். அதற்குள் அந்த டூலில் புதிய பதிப்பு வந்திருந்தது. பச்சைப் பட்டன் சற்றே வெளிறிவிட்டது.

“ஷேடு வேரியேஷன்,” என்றார் அமீர் பாஷா. “பேஜார் புடிச்ச மால்.”

யாரும் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த கூட்டம் இருபத்தாறாம் தேதி திங்கட்கிழமை என்று முடிவானது.

“இருபத்து மூணுதானே சார் கடைசி நாள்?” என்றாள் ஃபீபி. “எங்கம்மாவோட சேத்து நூறு பேர் சார்.”

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. மினிட்ஸ் புத்தகத்தில் அதற்குத் தனிப் பத்தி இல்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, டீ வந்த நேரத்தில், ஃபீபி தன் மேஜையில் உட்கார்ந்து நிராகரிக்கப்பட்ட அந்தக் கறுப்பு ஸ்கிரீனைத் திறந்தாள். ஒரு வரி தட்டினாள். ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. அவ்வளவுதான். என் டீயில் இன்னும் ஆவி அடங்கவில்லை. பன்னிரண்டாயிரம் ஜோடி ஆர்டர் உறுதியாகிவிட்டது.

முதலாளி ஜியாவுதீன் சாஹிப் பூரித்துப் போனார். திங்கட்கிழமை பாராட்டு விழா. ராணிப்பேட்டையிலிருந்து மக்கன் பேடா இனிப்பு வந்தது. குழு உறுப்பினர்கள் மூவருக்கும் ஆளுக்கொரு கேடயம். குழுவின் ஒப்புதல் இல்லாத அஞ்சாம் செலக்‌ஷன் டூலைப் பயன்படுத்திய குற்றத்துக்காக ஃபீபிக்கு ஒரு மெமோ. கையெழுத்து என்னுடையது.

விழா முடிந்ததும் ஜெபகனி சாம்பிள் ரூமுக்கு வந்தார். கண்ணாடி அலமாரியை வெகுநேரம் பார்த்தார். “இதான் ஆர்டர் வாங்கிக் குடுத்த மெஷினா சார்?”

“ஆமாம்மா,” என்றேன் பெருமையாக.

விழாவுக்காகப் பூட்டைக் கழற்றி வைத்திருந்த கதவைத் திறந்து கையை விட்டு, கம்ப்யூட்டரின் பின்பக்கம் தடவிப் பார்த்தார். “இன்னா சார், ஒயரே மாட்டல?”

‘அப்பர் தைக்கும் ஜெபகனி சீல் வைத்த சாம்பிளைத் தொட்டார்’ என்று அவருக்கும் அன்றே ஒரு மெமோ கொடுத்தேன். அதை இரண்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தைக்கப் போய்விட்டார். ஆர்டர்தான் வந்துவிட்டதே.

பன்னிரண்டாயிரம் ஜோடியும் தேதி தவறாமல் கப்பலேறியது. கேடயங்கள் மூன்றும் வரவேற்பறையில் பளபளக்கின்றன. எல்லாவற்றுக்கும் கோப்பு வைத்திருக்கிறேன். அந்த ஆர்டருக்காக எங்கள் கம்பெனியில் உண்மையில் வேலை செய்தது யார் என்பதற்கு அந்தக் கோப்பில் எழுத்துப்பூர்வமாக இருக்கும் ஆதாரம் இரண்டே இரண்டு. இரண்டு மெமோவிலும் கையெழுத்துப் போட்டது நான்தான்.