கூரை ஒழுகுகிறது என்பதற்கு ருசு

மாணவர்களின் கட்டுரைக் கட்டின்மேல் மழைநீர் சொட்டிய பிறகுதான் அனந்தபத்மநாபன் தலை நிமிர்ந்தார். கல்லூரியில் வாதக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பவர் அவர். பெங்களூரில் தம்மைத் தவிர ஒருவருக்கும் வாதாடத் தெரியாது என்பது அவருடைய முடிவு. தெரியாதவர்களில் முதல் இடம் மனைவி கோமளத்துக்கு.

சிக்கப்பேட்டைச் சந்தில் இருந்த அந்த வீட்டில் பகலிலும் விளக்கேற்ற வேண்டும். மல்லேஸ்வரத்துக்குக் குடிபோகலாம் என்று அவள் கேட்டுப் பார்த்தாள். அவர் ஒரு பாடமே நடத்திவிட்டார். இருப்பதைச் சொல்வது ஒரு வகை, நல்லது கெட்டது சொல்வது வேறு வகை, இன்னது செய்ய வேண்டும் என்பது மூன்றாம் வகை. இருட்டு பிடிக்கவில்லை என்பது வெறும் அபிப்பிராயம். அதை வைத்து வீடு மாற்றச் சொல்வது அரைவேக்காட்டுத்தனம்.

"ஏன்னா, கூரை ஒழுகறதே, இது எந்த வகை?" என்றாள் கோமளம், சொட்டுக்கு அடியில் அண்டாவை வைத்தபடி.

"இது உண்மை. ருசு கண்முன்னாடி இருக்கு. இப்படித்தான் பேசக் கத்துக்கணும்."

வீட்டுக்காரர் சேஷகிரி ராயருக்கு எழுதினார். கூரை ஒழுகுகிறது; அதற்குமேல் ஒரு சொல் இல்லை. ஒழுகுவது உண்மைதான் என்று ராயர் பதில் அனுப்பினார். ஆள் அனுப்பவில்லை. அடுத்த மழையில் அனந்தபத்மநாபனின் கட்டிலுக்கு நேர் மேலேயும் ஒழுகியது.

மடையனுக்கு உண்மை போதாது என்று அவர் நல்லது கெட்டதில் இறங்கினார். மனிதர் குடியிருக்க லாயக்கற்ற வீடு என்று பக்கம் பக்கமாக எழுதினார். ராயர் அதையும் மனமார ஒப்புக்கொண்டார். அந்த வீட்டை இவ்வளவு அழகாக யாருமே திட்டியதில்லையாம்.

மூன்றாம் கடிதத்தில், லாயக்கற்ற கூரையைச் சீர்செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வீட்டையே இடித்துத் தள்ள வேண்டும் என்று அடித்து எழுதினார். எதிராளியால் மறுக்கவே முடியாத வாதத்துக்கு மாதிரி என்று வகுப்பில் படித்தும் காட்டினார்.

எதிராளி மறுக்கவில்லை. கடப்பாரையோடு ஆட்கள் வந்து இறங்கினார்கள். அனந்தபத்மநாபன் பதறிக்கொண்டு ராயரிடம் ஓடினார்.

"நீங்களே எழுதினீங்களே சாமி," என்றார் ராயர். "அதுல ஒரு வரி தப்புன்னு சொல்ல என்னால ஆகலை."

மல்லேஸ்வரத்தில் கோமளத்தின் தம்பி ரங்கா ஒரு வீடு பார்த்துவைத்திருந்தான். சாமான் வண்டியின் பின்னால் மச்சினனோடு அனந்தபத்மநாபன் நடந்தார். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அக்காவுக்கு வெளிச்சமான வீடு கிடைத்ததே தம் வாதத் திறமையால்தான் என்றார். வெறும் ஆசையைச் சொன்னால் எவன் கேட்பான், முதலில் மறுக்க முடியாத ஓர் உண்மை வேண்டும் என்று விளக்கினார்.

ரங்கா பணிவாகத் தலையாட்டினான்.

"அக்காவும் அதேதான் சொன்னா அத்திம்பேர், என்னைக் கூரைமேல ஏத்தி நாலு ஓடு உருவச் சொன்னப்போ."