கதவு நிக்கல

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் இரண்டையும் எழுதியதாக வைத்துக்கொள். போனில் பேசினால் நாலாவது வாக்கியத்தில் நீ அழுகிறாய், அஞ்சாவதில் நான் கத்துகிறேன். அதனால்தான் பேப்பர்.

விஷயம் ஒன்றுதான். அம்மாவின் கண்ணில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் போன பார்வை போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவோ காரைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். அப்பா போன பிறகு முதல் தடவையாக ஆஸ்பத்திரி வாசல்வரை கூட்டிக்கொண்டு போனேன். நான் இறங்கி, உள்ளே போய் சீட்டு வாங்கி, திரும்பி வந்து பார்த்தால் முன் சீட்டிலேயே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "இறங்கும்மா" என்றால் "வீட்டுக்கு விடு" என்கிறாள். வழி முழுக்க நச்சரித்ததில், எஞ்சின் சத்தத்துக்கு நடுவே இரண்டே சொல் வந்தது: "கதவு நிக்கல."

இதை அங்கேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். அம்மா பக்கத்துக் கதவைத் திறந்தால் திறந்த இடத்தில் நிற்காது, திரும்பி வந்து அடிக்கும், பத்து வருஷமாக அப்படித்தான். கதவுக்குள் ஒரு சின்ன டப்பா, அதன் வழியே ஓர் இரும்புப் பட்டை, பட்டையின் பள்ளத்தில் இரண்டு உருளை விழுந்து கதவைப் பிடித்துக்கொள்ளும். உருளை தேய்ந்தால் பிடிப்பு போச்சு, அவ்வளவுதான் சமாச்சாரம். மெக்கானிக்கிடம் போனால், "இதுக்கு ஸ்பேர் வராது தம்பி, கதவோட மாத்திடுங்க" என்கிறார். மெக்கானிக்கல் படித்தவனிடம் பேசுகிற பேச்சா இது? நானே இறங்கினேன். கதவின் உள்பலகையைக் கழற்றியதில் ஒன்பது கிளிப்பில் ஏழு உடைந்தது. பட்டையைக் கழற்றிவிட்டால் கதவைத் தடுக்க எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும், காற்றுக்குத் தெரியவில்லை; கதவு ஒரேயடியாக முன்னால் போய் மட்கார்டில் மோதி, அங்கே இப்போது ஒரு கிண்ணம் வைக்கலாம். புது உருளைக்கு நைலான் வேண்டும். அம்மாவின் காய் நறுக்கும் பலகை நைலான். மூலையில் இரண்டு வட்டம் வெட்டினேன். அம்மா தடவிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, எலி கடிச்சிருக்கா?" என்றாள். முதல் உருளை அரை மில்லி தடிமன் அதிகம். கதவு திறந்து நின்றது, நின்றதுதான், மூடவே இல்லை. அரம் வாங்கத் திறந்த கதவோடு தெருமுனைவரை ஓட்டினேன். ஒரு சைக்கிள்காரர், "ரெக்கை விரிச்சாச்சு, பறக்க வேண்டியதுதானே தம்பி!" என்றார். ராவி ராவி மூன்றாவது ஞாயிறுதான் அளவு சரியாக வந்தது. இப்போது இரண்டு இடத்தில் க்ளிக் க்ளிக் என்று நிற்கிறது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். திறந்தாள், மூடினாள், திறந்தாள். "ரொம்ப நல்லா நிக்குதுடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தாலே போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்கிறாள்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன், இதற்கு நீ அழக்கூடாது. கடைசியில் ஆஸ்பத்திரியில் அப்பாவின் இடது தொடையில் நீலமாக ஒரு தழும்பைப் பார்த்து நர்ஸ், "எங்க இடிச்சுக்கிட்டார்?" என்று கேட்டார், நீயும் நானும் முழித்தோமே. கதவின் விளிம்பு தரையிலிருந்து எழுபத்திரண்டு சென்டிமீட்டர். டேப் வைத்து அளந்தேன். காரை நிறுத்தியதும் சுற்றிவந்து, கதவைத் தொடையால் தாங்கிக்கொண்டு, "ம், இறங்கு" என்பாரே. பத்து வருஷமாக ஒரு மனுஷன் உருளை வேலை பார்த்திருக்கிறார். மூன்று ஞாயிறு வேலை, அக்கா! ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் ஆகாதா?

ஆகவே நீ உடனே கிளம்பி வந்து அம்மாவைத் திட்டு. என்னால் முடிந்தது கதவுதான். அம்மாவுக்கு எந்த ஸ்க்ரூவைத் திருகுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தானுக்கு வணக்கம், குட்டிகளுக்கு முத்தம். மூத்தவள் என்ற முறையில் எனக்கு வரவேண்டிய ஆசியை நேரில் கொண்டுவா.

இப்படிக்கு,
உன் பொறுமையில்லாத தம்பி

பி.கு.: மேலே இருப்பதைப் படிக்காததாக வைத்துக்கொள். நேற்று கவரை ஒட்டப் போகும்போது அம்மா, "அக்காவுக்கு என்னடா எழுதின, படி" என்றாள். படித்தேன். ஆரம்பத்திலேயே நிறுத்தச் சொன்னாள்.

"கதவு நிக்கலன்னா சொன்னேன்? கதவுல நிக்கலன்னு சொன்னேன்டா."

"யாரு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

மூன்று ஞாயிறு, ஒரு பலகை, ஒரு மட்கார்டு, எல்லாம் ஒரு 'ல'னாவுக்காக. ராத்திரியே நைலானைக் கழற்றிப் போட்டுவிட்டேன். இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். ஆபரேஷன் வியாழக்கிழமை, திட்டுவதற்காக நீ வர வேண்டாம், சும்மா வா. வாசலில் நான் சுற்றிவந்து நின்று, "ம், இறங்கு" என்றேன். மடியிலிருந்த கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அப்புறம், "தள்ளி நில்லுடா, அடிபடப் போகுது" என்று முனகிக்கொண்டே இறங்கினாள்.

எழுபத்திரண்டு சென்டிமீட்டரில் எனக்கும் நீலம் பாரித்திருக்கிறது. அப்பா சொன்னதே இல்லை அக்கா, நல்லா வலிக்குது.