இழுத்த இழுப்புக்கு ஒரு கார்

தன் உடம்பில் உயிர் இருக்கும்வரை அந்தக் கார் வீட்டை விட்டுப் போகாது என்று ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போது ஷரத்து சார் சபதம் எடுத்தார். வாய் நிறைய நுரை. அதனால் சபதம் யாருக்கும் கேட்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான், வீட்டம்மாவுக்குக் கேட்கும் என்றால் எடுத்திருக்கவே மாட்டார்.

ஷரத்து சார் என்பது அச்சகத்தில் வைத்த பெயர். சட்டப் புத்தகம் மட்டுமே போடுகிற அச்சகம். அங்கே இருபத்திரண்டு வருஷமாகப் பிழை திருத்துகிறார். எந்தச் சட்டத்தில் எத்தனையாவது ஷரத்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்த ஷரத்துக்கு அர்த்தம் என்ன என்று கேட்டால் மட்டும், "அது வக்கீல் பாடு. ஒற்று விழுந்திருக்கான்னு பார்க்கிறதுதான் என் வேலை" என்பார்.

வீட்டம்மா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். நாற்பது கட்டில் வார்டை ஒரே பார்வையில் அடக்குகிற அம்மாவுக்கு ஒற்றைப் புருஷன் எம்மாத்திரம்! பதினாறு வயசான அந்தக் காரை அவர் 'சக்களத்தி' என்றுதான் சொல்வார். போன மாதமே கறாராகப் பேசிவிட்டார்.

"இதோ பாருங்க. சக்களத்தி தன் காலால நடக்கிற வரைக்கும் இங்க இருக்கட்டும். என்னைக்குப் படுக்கையில விழறாளோ, அன்னைக்கே வாசலைத் தாண்டணும்."

"அவ ஏன் விழறா? இரும்பு உடம்பு!"

"இரும்புதான். அதான் துரு பிடிச்சிருக்கு."

வியாழக்கிழமை சாயங்காலம் சக்களத்தி விழுந்தேவிட்டாள். சாவியைத் திருப்பினால் விளக்கு எரிந்தது, ஹாரன் அலறியது, என்ஜின் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாளாக ஷரத்து சார் பொய்க்கு மேல் பொய்யாக அடுக்கினார். நடந்தால் உடம்புக்கு நல்லது என்றார். பஸ்ஸில் போனால் நாலு மனுஷர் முகம் பார்க்கலாம் என்றார்.

"நல்லா கயிறு திரிக்கிறீங்க" என்றார் வீட்டம்மா. "இந்தக் கயிறு இருந்தா ஒரு காரையே கட்டி இழுக்கலாம்."

ஷரத்து சாருக்குப் பக்கென்றது. ஆனால் அம்மா சாதாரணமாகத்தான் சொன்னார் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அம்மா டூட்டி என்று கிளம்பிப் போனதும், போனை எடுத்து மச்சினனைப் பிடித்தார். வீட்டம்மாவின் தம்பி. தண்ணீர் கேன் போடுகிற வேன் வைத்திருக்கிறான்.

"மாப்ளே, வேன் இருக்கா? கயிறு இருக்கா?"

"ரெண்டும் இருக்கு அத்தான். யாரைக் கட்டணும்?"

"காரைடா! மெக்கானிக் ஷெட்டு வரைக்கும் இழுத்துட்டா போதும். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிக் கொண்டாந்து நிறுத்திடலாம். அக்காவுக்குத் தெரியக் கூடாது."

"நான் ஏன் அத்தான் வாயைத் திறக்கப் போறேன்?"

வேன் வந்தது. மச்சினன் கயிற்றை வீசி ஒரு முடிச்சுப் போடப் போனான். ஷரத்து சார் பாய்ந்து தடுத்தார். கையில் வாகன இழுவை விதிகள், அவரே பிழை திருத்திய பிரதி.

"நில்லு! எல்லாம் சட்டப்படி. ஷரத்து நாலு, ரெண்டு வண்டிக்கும் நடுவுல அஞ்சு மீட்டருக்கு மேல போகக் கூடாது. ஷரத்து அஞ்சு, கயித்து நடுவுல சிவப்புத் துணி. ஷரத்து ஆறு, பின்னால உட்கார்றவர்கிட்டயும் லைசென்ஸ் இருக்கணும்."

"உங்ககிட்ட இருக்கா?"

"பின்ன? சாவியையும் போட்டுத் திருப்பியே வச்சிருக்கணும். இல்லாட்டி ஸ்டியரிங் பூட்டிக்கும். என்ஜின் ஓடாதப்போ பிரேக் கல்லு மாதிரி இருக்கும், அதனால நீ சடக்குனு நிறுத்தாதே. நான் ஒரு ஹாரன் அடிச்சா மெதுவா, ரெண்டு அடிச்சா நிறுத்து."

"மூணு அடிச்சா?"

"உங்க அக்கா வர்றான்னு அர்த்தம்."

அடுத்தது அறிவிப்புப் பலகை. மச்சினன் அட்டையில் 'இழுத்து செல்லப்படுகிறது' என்று எழுதிக் கொடுத்தான். ஷரத்து சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"ச் எங்கடா?"

"கார் போறதுக்கு ச் எதுக்கு அத்தான்?"

"ஒற்று இல்லாம நான் தெருவுல இறங்க மாட்டேன்!"

வேறு அட்டை தேடிப்பிடித்து, அளவு பார்த்து, ச் போட்டு எழுதுவதற்குள் இருபது நிமிஷம் போய்விட்டது. இதையெல்லாம் எதிர்வீட்டுத் தையல்காரர் மாடியில் நின்று ரசித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த போர்டு காருக்கா, உங்களுக்கா?"

"காருக்குத்தான்!"

"அப்ப சரி. உங்களுக்குன்னா 'செல்லப்படுகிறார்'னு வரணும், அதான் கேட்டேன்."

ஷரத்து சார் முறைத்துக்கொண்டே பலகையைக் காரின் பின்கண்ணாடியில் மாட்டினார். இலக்கணப்படி அந்த ஆள் சொன்னது சரி.

வேன் நகர்ந்தது, கயிறு விறைத்தது, சக்களத்தி ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினாள். என்ஜின் சத்தம் இல்லாமல் கார் போவது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று ஷரத்து சார் நினைத்தே பார்த்ததில்லை. பிரேக் மேல் ரெண்டு காலையும் தயாராக வைத்துக்கொண்டு, தெருத் தெருவாக ராஜா மாதிரி போனார். பதினாறு வருஷம் என்னைச் சுமந்தாய், இன்று உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தார். மனசு அவ்வளவு நிறைவாக இருந்தது.

பெரிய சிக்னலில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டினார். ஷரத்து சார் பயப்படவில்லை. சந்தோஷப்பட்டார்! போலீஸ்காரர் கயிற்றை அளந்தார், துணியைப் பார்த்தார், ரெண்டு லைசென்ஸையும் பார்த்தார், பலகையைச் சத்தமாகப் படித்தார்.

"சார், என் சர்வீஸ்ல இவ்வளவு ஒழுங்கா கட்டிட்டு வந்த ஆளை நான் பார்த்ததில்லை."

"ச் கூட இருக்கு, கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். வண்டிப் புத்தகம் கொடுங்க. உரிமையாளர் நீங்கதானே?"

"பின்ன வேற யாரு!"

போலீஸ்காரர் புத்தகத்தைப் பிரித்தார். அவரை ஒரு தடவை பார்த்தார், புத்தகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"இதுல ஒரு அம்மா பேர் போட்டிருக்கே."

ஷரத்து சார் எட்டிப் பார்த்தார். வீட்டம்மா பெயர்! கார் வாங்கிய அன்று, சொந்தக்காரர்கள் நாலு பேர் முன்னால், "என் பேர் வேற, உன் பேர் வேறயா?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டம்மா பெயரில் பதிந்தவர் அவரேதான். கைதட்டல்கூடக் கிடைத்தது. அதற்கப்புறம் அவர் அதை நினைக்கவே இல்லை.

"ஷரத்து பதினொண்ணு தெரியுமா சார்? உரிமையாளர் சம்மதம் இல்லாம இழுத்தா அதுக்குப் பேரு இழுவை இல்லை. திருட்டு."

தெரியாமலா? வரிக்கு வரி மனப்பாடம். 'உரிமையாளர்' என்பதில் சின்ன ரி போட்டிருக்கிறார்களா, பெரிய றி போட்டுத் தொலைத்திருக்கிறார்களா என்று மூன்று தடவை பார்த்திருக்கிறார். அது யார் என்றுதான் பார்க்கவில்லை.

"அம்மா நம்பரைச் சொல்லுங்க."

"அவங்க டூட்டியில இருப்பாங்க... தொந்தரவு..."

"நம்பர்."

சொன்னார். போலீஸ்காரர் ஸ்பீக்கரில் போட்டார். ஒரே மணியில் எடுத்துவிட்டார் அம்மா.

"அம்மா, பெரிய சிக்னல்ல கயிறு கட்டி ஒரு கார்..."

"இன்னும் சிக்னல்லதான் நிக்கிறாங்களா? இந்நேரம் இங்க வந்திருக்கணுமே!"

"இங்கன்னா?" என்று ஷரத்து சார் ஈனஸ்வரத்தில் கேட்டார்.

"பழசைக் கொடுத்துட்டுப் புதுசு எடுக்கிற ஷோரூம்ங்க. காலையில இருந்து உட்கார்ந்திருக்கேன். போலீஸ்கார அண்ணே, எழுதிக்குங்க. ஷோரூமுக்கு இழுக்க உரிமையாளருக்குச் சம்மதம். மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்தா, தாராளமா கேஸ் போடுங்க."

போலீஸ்காரர் அப்படியே எழுதிக்கொண்டார். ஷரத்து சார் மச்சினனை எரித்துவிடுவது போலப் பார்த்தார்.

"நான் வாயே திறக்கலை அத்தான்" என்றான் அவன். "மெசேஜ்தான் போட்டேன்."

மெக்கானிக் ஷெட்டுக்கு நேரே போக வேண்டும். வேன் வலது பக்கம் திரும்பியது. சக்களத்தியும் திரும்பினாள். ஷரத்து சார் ஹாரனை மூணு தடவை அடித்துப் பார்த்தார். இழுத்த இழுப்புக்குப் போவதைத் தவிர அவரால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

ஷோரூம் வாசலில் வீட்டம்மா நல்ல புடவையில் நின்றிருந்தார். ஷரத்து சார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினார். சக்களத்தியின் பானெட்டைத் தடவினார். கண் கலங்கிவிட்டது. வீட்டம்மா பக்கத்தில் வந்து, அவரும் ஒரு தடவை தடவினார். "நல்லாத்தான் உழைச்சா. ஆனா போன மழையில நட்ட நடு ரோட்ல நீங்க தனியா தள்ளிட்டு நின்னீங்களே, அன்னைக்கு எனக்கு வார்டுல கையும் ஓடலை, காலும் ஓடலை" என்றார். அதைக் கேட்டதும் ஷரத்து சார் கோபம் பாதி கரைந்தது. வானநீலப் புதுக் காரின் சீட்டில் உட்கார்ந்ததும் மீதியும் கரைந்தது.

ஷோரூம்காரர் படிவத்தை நீட்டினார். "உரிமையாளர் பேர் யாரு?"

ஷரத்து சார் துள்ளி எழுந்தார். பட்டது போதும்!

"இந்தத் தடவை நான்தான்! என் பேர்லதான்!"

பெரிய சண்டை வரும் என்று இடுப்பில் கை வைத்துத் தயாராக நின்றார். "சரிங்க" என்றார் வீட்டம்மா. அவ்வளவுதான். ஷரத்து சார் வெற்றிக் களிப்பில் ஒற்று, கால், கொம்பு எல்லாம் சரிபார்த்து ஏழு இடத்தில் கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்து பார்த்தால் சாவி வீட்டம்மா கையில். வீட்டம்மா ஸ்டியரிங் முன்னால்.

"உனக்கு எங்கேம்மா ஓட்டத் தெரியும்?"

"மூணு மாசமா ஞாயித்துக்கிழமை டூட்டி, டூட்டின்னு எங்க போனேன்னு நினைச்சீங்க? முந்தாநாள்தான் லைசென்ஸ் கைக்கு வந்துச்சு. ஏறுங்க, பெல்ட்டைப் போடுங்க."

"மெதுவாப் போம்மா, எதுலயாவது இடிச்சிடப் போறே!"

"இடிச்சா என்னங்க? நோட்டீஸ் உரிமையாளர் பேருக்குத்தானே வரும்."