பதினோரு கடைகளில் கையெழுத்து

தாராவியைத் திருத்திவிடுவது என்று முடிவு செய்தேன். தாராவி கொஞ்சம் பெரிதாக இருந்ததால் முதலில் எங்கள் தெருவை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நான் ஆறுமுகநயினார். தோல் மண்டியில் கிளார்க், தெருச் சங்கத்துக்குச் செயலாளர். அது ரேஷனில் அரிசி சுருங்கி, சிவப்புச் சோளம் வந்து குவிந்த வருஷம். சோளத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பாதித் தெரு வடையிலும் டீயிலும் காலம் தள்ளியது. முனிசிபல் டிஸ்பென்சரியின் மராட்டி டாக்டரம்மா, எல்லாரும் கைகோத்தால் தெருவே தேறிவிடும் என்றார். தாதர் மார்க்கெட் கீரைக்காரிகள் தெருமுனைக்கே வருவார்கள். கடைகளில் சோளத் தோசையும் சுண்டலும் போடுவார்கள். எங்கள் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சோளம் சமைக்கக் கற்றுக்கொடுப்பார்கள். பெண்களுக்குத் தலைவியாக என் மனைவி பேராச்சியை முன்மொழிந்தவன் நான்தான். அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன்.

நாக்கை அடக்குங்கள் என்று கூட்டத்தில் ஒரு மணி நேரம் முழங்கினேன். முழங்கிய களைப்புக்கு சிவனாண்டி டீக்கடையில் நாலு வடை தின்றேன்.

டிஸ்பென்சரியில் வைத்த சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஜனங்கள் பயந்தார்கள். தைரியம் கொடுக்க முதல் ஆளாக என் நீரைக் கொடுத்தேன். நீல மருந்தில் விட்டுச் சூடு காட்டினார்கள். அது செங்கல் நிறத்துக்கு வந்தது. நிறம் நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன். டாக்டரம்மா அப்படி நினைக்கவில்லை. சர்க்கரை வியாதி, இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் கூடாது, சோறு ஒரு கைப்பிடி, தினமும் நடை என்று இங்கிலீஷில் சீட்டு எழுதினார்.

பேராச்சிக்கு எந்தப் பாஷையிலும் எழுத்து தெரியாது. சீட்டை விரித்துப் பிடித்துக் கணீரென்று வாசித்தேன். உடம்பில் தெம்பு குறைவு, காலையிலும் மாலையிலும் பலகாரம் அவசியம், காபியில் சர்க்கரை குறையவே கூடாது. அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். பாவம், நம்பிவிட்டாள் என்று எனக்கே இரக்கமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு காகிதத்தோடு வந்து நின்றாள். மராட்டி எழுத்து.

"டாக்டரம்மா குடுத்தாவ. கடைக்காரவ எல்லாரும் கையெழுத்துப் போடணுமாம். உங்களுக்குத்தான் மராட்டி தண்ணிபட்ட பாடுன்னு சொல்லுவீயளே."

சொல்லியிருக்கிறேன். பேசத்தான் தெரியும், ஒரு எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. அதை எப்படி மனைவியிடம் சொல்வது? மூக்குக் கண்ணாடியை மாட்டி மேலிருந்து கீழ்வரை பார்த்து, ரொம்ப நல்ல தீர்மானம் என்றேன்.

தாராவியில் பத்துக் கடை, மாட்டுங்காவில் நான் வழக்கமாகப் போகும் ஹோட்டல் ஒன்று, ஆகப் பதினொன்று. வெயிலில் நானே அலைந்து கையெழுத்து வாங்கினேன். லைசென்ஸ் காகிதம் எல்லாம் மராட்டியில் பார்த்துப் பழகிய கடைக்காரர்கள். வாசித்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடியும் வாசித்தார்கள். "இந்த மனசு யாருக்கு வரும் அண்ணாச்சி" என்று சிவனாண்டி கண் கலங்கினான். எனக்கும் கலங்கியது.

மறுநாள் அவன் கடையில் வடை கேட்டேன். சுண்டல் வந்தது. வடை தீர்ந்துவிட்டதா என்றேன்.

"தட்டு நெறைய இருக்கு அண்ணாச்சி. உங்களுக்குக் கெடையாது."

காகிதத்தில் என்ன இருந்தது என்று அவன்தான் வாசித்த மாதிரி ஒப்பித்தான்: செயலாளர் ஆறுமுகநயினாருக்குச் சர்க்கரை வியாதி, அவருக்கு இனிப்போ எண்ணெய்ப் பலகாரமோ எங்கள் கடையில் கொடுக்க மாட்டோம், இதற்கு அவரும் சம்மதம். என் கைக்கு விலங்கை நானே கடை கடையாய்த் தூக்கிப்போய்ப் பூட்டு வாங்கியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து குதித்தேன். ஊர் முன்னால் புருஷன் மானத்தை வாங்கலாமா என்றேன். பேராச்சி கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"சீட்டுல உள்ளத டாக்டரம்மா அன்னைக்கே சொல்லிட்டாவ. எங்க அண்ணனுக்கும் இதே சீக்குதான். ஒளிச்சு ஒளிச்சுத் தின்னான். காலை எடுத்தாவ, ஆறு மாசத்துல ஆளும் போயிட்டான். உங்ககிட்ட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்ல. அதான் ஊரைக் கூட்டுனேன்."

அதற்கு மேல் குதிக்க முடியவில்லை.

மூன்று மாதம் சோளமும் கீரையும் நடையுமாகக் கழிந்தது. தெருவில் பலருக்கு முகம் தெளிந்தது. என் நீரை விட்டும் நீல மருந்து நீலமாகவே நின்றது. இன்று இரண்டு காலில் நிற்கிறேன் என்றால் டாக்டரம்மாவும், கீரைக்காரிகளும், அந்தப் பதினோரு கல்நெஞ்சக்காரர்களும், எல்லாருக்கும் மேலாக என் பேராச்சியும்தான் காரணம். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொன்னேன்.

ஒன்றை மட்டும் அங்கே சொல்லவில்லை. முந்தின நாள் மாட்டுங்கா ஹோட்டலில், சர்வர் பிரம்மநாயகம் என் முகத்தைப் பார்த்து மனமிரங்கி, வாழை இலைத் துண்டுக்கு அடியில் ஒரு உளுந்து வடையை மறைத்து வைத்துவிட்டுப் போனான். மூன்று மாதத்தில் பேராச்சியை நான் ஜெயித்தது அந்த ஒரு தரம். வாயைத் துடைத்து, ஏலக்காய் மென்று, அப்பாவியாக வீடு வந்து சேர்ந்தேன்.

கூட்டம் முடிந்ததும் அந்தத் தெம்பில், நீலம் வந்ததற்குப் பரிசாக ஒரே ஒரு வடை கிடைக்குமா என்று அவளிடம் கேட்டேன்.

"டாக்டரம்மாட்ட கேட்டுட்டேன். மாசத்துக்கு ஒண்ணு திங்கலாமாம்" என்றாள். "இந்த மாசத்துக்குள்ளத நேத்தே பிரம்மநாயகத்துகிட்ட குடுக்கச் சொல்லிட்டேனே, கெடைச்சுதுல்லா?"